முட்டுக்கட்டை

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், விடியற்காலை மூன்றரை மணிக்கு, பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் என் காரை நானே தள்ளிக்கொண்டு நின்றேன். காஞ்சிபுரத்தில் அத்தை மகளுக்குத் திருமணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. கொளத்தூரில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் குழாயைப் போட்டு, மேலே மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு நாள் மழையில் அந்த மண் களி கிண்டியதுபோல் ஆகியிருந்தது. கேட்டைத் தாண்டியதும் இடது முன்சக்கரம் அதில் இறங்கிவிட்டது. வலது சக்கரம் நல்ல தார்ச்சாலையில், ஈரம்கூட இல்லாத ஒரு மேட்டில் இருந்தது.

அன்றைக்கு என்னை எரிச்சலூட்டியது சேறல்ல, அந்த வலது சக்கரம்தான். இடது சக்கரம் வெறிபிடித்ததுபோல் சுழன்று மதில் சுவரெல்லாம் சேற்றை வாரி அடிக்கிறது. வலது சக்கரமோ, பந்தியில் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி, அசையாமல் நிற்கிறது. முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர், ரிவர்ஸ் என்று கால் மணி நேரம் அரைக் கிளட்சில் வண்டியை ஊஞ்சலாட்டினேன். கடைசியில் பானெட்டுக்கு அடியிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பாடி மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் எஞ்சின் கூச்சல் போடும், வேகம் ஏறாது. கிளட்ச் முடிந்துவிட்டது என்று சொல்ல மெக்கானிக் தேவையில்லை. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் 14,000 ரூபாய், இரண்டு நாள் என்றார்கள். தொகை பெரிதாக உறுத்தவில்லை. வேறொன்று உறுத்தியது. கிளட்ச் எரிந்தது ஒரு விளைவு மட்டும்தான். வலது சக்கரம் சும்மா நின்றதே, அதுதான் காரணம். புதுக் கிளட்ச் போட்டாலும் அது சும்மாதான் நிற்கப் போகிறது.

16 மதிப்பெண்

நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவன். எங்கள் காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் பெரிய கேள்விக்கு 16 மதிப்பெண். ‘டிஃபரன்ஷியல் செயல்படும் விதத்தைத் தெளிவான படத்துடன் விளக்குக’ என்பது அதில் நிரந்தர விருந்தாளி. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும், அதற்காக இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரக் கூட்டு என்று எழுதி, பெட்டி போட்டுச் சமன்பாட்டையும் எழுதுவேன். கல்லூரி மாதிரித் தேர்வு ஒன்றில் 14 வாங்கியிருக்கிறேன். படித்து முடித்ததும் என் வகுப்பில் பாதிப் பேரைப் போல நானும் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டேன். இருபது வருடமாகக் கையில் பிடித்த கருவி கீபோர்டு மட்டும்தான். நான் படம் வரைந்த அந்தப் பொருளை ஒரு முறைகூடக் கையில் தூக்கிப் பார்த்ததில்லை.

சேற்றில் சிக்கிய வண்டியைப் பற்றி ஊரில் எல்லோரும் ஒரே விளக்கம்தான் சொல்வார்கள்: பலமெல்லாம் சுழலும் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, மற்றதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இது தவறு என்று என் விடைத்தாளே சொல்லும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் முறுக்கு விசையை எப்போதும் சரிபாதியாகத்தான் பிரிக்கும். அதன் நேர்மைதான் அதன் கோளாறு. சேற்றில் வழுக்கும் சக்கரத்தைச் சுற்ற 10 பங்கு விசை போதும் என்றால் அதற்கு மேல் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளாது. ஆகவே தார்ச்சாலையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 10 தான். ஒரு பாரத்தைத் தூக்க வந்த இரண்டு பேரில் ஒருவனுக்குத் தெம்பு இல்லையென்றால், மற்றவனும் அவன் அளவுக்குத்தான் தூக்குவேன் என்று அடம்பிடிப்பது மாதிரி.

இந்த அடத்தை உடைக்கத்தான், ஒரு சக்கரம் மட்டும் தன்னிஷ்டத்துக்குச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதில் இரண்டு பெரிய சாதிகள் உண்டு. ஒன்றில் சின்னச் சின்னக் கிளட்ச் தகடுகளை அடுக்கி, ஸ்பிரிங்கால் முன்கூட்டியே அழுத்தி வைத்திருப்பார்கள். மற்றொன்றில் தகடு கிடையாது. சாய்ந்த பல் கொண்ட சிறு சக்கரங்கள் சுமை ஏறும்போது வெளிக்கூட்டின் சுவரில் அழுந்தி, அந்த உராய்விலேயே பிடித்துக்கொள்ளும். தேய்மானம் குறைவு, சாதாரண கியர் ஆயிலே போதும், ஸ்டியரிங்கை இழுத்துப் பறிக்காது. ஒரு காலத்தில் ராலிகளில் மாருதி எஸ்டீம் ஓட்டிய நண்பர் ஒருவர் வண்டியை விற்கும் முன் கழற்றி வைத்திருந்த இந்த இரண்டாம் வகை என்னுடைய கியர்பாக்ஸுக்குப் பொருந்தும் என்றார். 35,000 ரூபாய். என் வண்டியும் எஸ்டீம்தான், 2004 மாடல். 15 வருடம் முடிந்து ஆர்.சி.யையும் புதுப்பித்தாயிற்று. முன்சக்கர இயக்கம் கொண்ட இந்த மாதிரி வண்டிகளில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கியது இறக்கியாயிற்று, திறந்துவிட்டால் என்ன?

“வருடத்தில் இரண்டு நாள் சேற்றுக்கு 35,000 ரூபாயா? அந்தக் காசுக்கு ஆயுள் முழுக்க ஆட்டோவில் போகலாமே” என்றாள் மனைவி. அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். கணக்கில் என்னால் அவளை ஒரு நாளும் ஜெயிக்க முடிந்ததில்லை.

போர்டிகோவில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

உதவிக்கு இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சக்கரப் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் புதுப்பேட்டை பாய். அம்பாசிடர் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வண்டிகளைப் பழுது பார்த்தவர். கண் பார்வை மங்கியதால் இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டார். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு வருவார், நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலை சொல்வார்.

முதல் ஞாயிறு முழுவதும் கழற்றுவதிலேயே போனது. சக்கர அச்சின் நடு நட்டை, வண்டி நான்கு காலில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிவிட்டால் அச்சும் சேர்ந்து சுற்றும். ஸ்பேனர் பிடியில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி நான் தொங்கினேன். அசையவில்லை. அப்பா வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயில் படியில் ஏறுவதுபோல் அந்தக் குழாயின் நுனியில் ஒரு காலை வைத்து ஏறி நின்றார். ‘டக்’ என்று ஒரே சத்தம். எழுபத்திரண்டு வயதில் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியைப் பார்த்து நாளாகியிருந்தது. வண்டியைத் தூக்கியதும், கழற்றிய சக்கரங்களைப் பக்கவாட்டு விட்டங்களுக்கு அடியில் படுக்கப் போட்ட பிறகுதான் என்னைக் கீழே போக விட்டார். ஜாக்கியை நம்பிப் படுத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் விளக்கு ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் மாற்றும் தண்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தப் போல்ட்டு எங்கே என்று பழைய இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தேன். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸை மார்போடு அணைத்து இறக்கினோம். எடை என்னவோ ஓர் அரிசி மூட்டை அளவுதான், ஆனால் மூட்டைக்குக் காது இருக்கும், பிடித்துத் தூக்கலாம்.

கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தி எடுத்தபோது உள்ளே இருந்தது கிளட்ச் பிளேட் என்று சொல்ல முடியாது. லைனிங் தேய்ந்து ரிவெட்டுகளின் தலை வெளியே தெரிந்தது. ஃபிளைவீல் முகத்தில் காசு அளவுக்கு நீலத் தழும்புகள். சூடு பட்ட இடம். அந்தத் திருமண நாளின் கால் மணி நேரம் இரும்பில் அப்படியே பதிந்திருந்தது. பாடியில் ஒரு லேத்தில் கொடுத்து முகத்தை லேசாகச் சீவி வாங்கினேன். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் நாலாயிரத்துக்குள் முடிந்தன. பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு கருவி வேண்டுமே என்றதற்கு, பாய் புதுப்பேட்டையிலிருந்து உடைந்த கியர்பாக்ஸ் ஒன்றின் உள்தண்டை எடுத்து வரச் சொன்னார். நூறு ரூபாய். அதைவிடப் பொருத்தமான கருவி எந்தக் கம்பெனியிடமும் இருக்காது.

கியர்பாக்ஸைத் திறந்த இரண்டாம் ஞாயிறுதான் நான் மிகவும் ரசித்த நாள். இரண்டு பாதிகளைப் பிரித்ததும் எண்ணெய் சொட்டச் சொட்டக் கீழே உட்கார்ந்திருந்தது டிஃபரன்ஷியல். ஒரு பெரிய கொய்யாப்பழத்துக்குப் பல்சக்கர இடுப்புப்பட்டை கட்டியது மாதிரி. தூக்கி மடியில் வைத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கூட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தைச் சுற்றினேன். மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றியது. நான் எழுதிய சமன்பாடு அதுதான். ஆனாலும் பத்து நிமிடம் குழந்தை மாதிரி அதையே சுற்றிக்கொண்டிருந்தேன். பிரான்சில் பெக்கர் என்பவர் 1827இல் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனை, அடிப்படையில் இன்னும் அப்படியே என் மடியில் இருந்தது.

அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கள் பெட்டியில் இந்தச் சனியனே கிடையாது” என்றார். ரயில் பெட்டியில் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் அழுத்திப் பொருத்தியவை. தனித்தனியாகச் சுற்றவே முடியாது. அப்படியானால் வளைவில்? “சக்கரத்தின் முகம் தட்டையாக இருக்காதுடா. இருபதுக்கு ஒன்று சாய்த்துக் கடைந்திருப்போம். வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகரும். வெளிச்சக்கரம் பெரிய விட்டத்தில் ஓடும், உட்சக்கரம் சின்ன விட்டத்தில் ஓடும். அவ்வளவுதான்.” நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் என்ன கடைந்தார் என்று நான் கேட்டதே இல்லை. கல்லூரியில் இதற்கும் ஒரு 16 மதிப்பெண் வைத்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

பழைய கூட்டிலிருந்து இடுப்புப்பட்டையான ரிங் கியரைக் கழற்றி, புதியதில் வைத்து, போல்ட்டுகளுக்கு மரைப் பசை தடவி, டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். பேரிங்குகளை அழுத்த மீண்டும் பாடி லேத். பின்சக்கர வண்டியாக இருந்தால் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் எங்கே உரசுகின்றன என்று சாயம் தடவிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்தத் தலைவலி இதில் இல்லை. இரண்டு பாதிகளையும் அனாபாண்ட் பசை தடவி மூடினேன். மூன்றாம் ஞாயிறு பொருத்தும்போது கிளட்ச் பிளேட்டைத் திருப்பி வைக்கப் போனேன்; ஸ்பிரிங் துருத்தும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். “இதில் ஏதோ எழுதியிருக்கிறதே, அது எந்தப் பக்கம் வர வேண்டும்?” என்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அப்பா கேட்காவிட்டால் ஐந்தாவதாக ஒரு ஞாயிறு போயிருக்கும்.

கடைசி ஞாயிறு, முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் இருக்கும்போது பாய் எழுந்து வந்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். மற்றது எதிர்த்திசையில் சுற்றியது, பழைய டிஃபரன்ஷியலில் சுற்றியது போலவே.

“இது பிடிக்கவில்லையே தம்பி.”

“சும்மா சுற்றினால் பிடிக்காது பாய். சுமை ஏறினால்தான் பிடிக்கும். வழுக்கும் பக்கத்துக்குக் கிடைப்பதைப்போல் இரண்டரை மடங்கு மறுபக்கத்துக்குக் கொடுக்கும்” என்று ஆரம்பித்து, பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து அவருக்குப் படம் வரைந்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீங்கள் படித்தவர், சரியாகத்தான் இருக்கும்” என்றார். “என்னிடம் விட்டிருந்தால் உள்ளே பல்சக்கரங்கள் அசையாதபடி வெல்டு அடித்துக் கொடுத்திருப்பேன்” என்றும் சொன்னார். வெல்டு அடித்த டிஃபரன்ஷியலோடு அண்ணா நகர் ரவுண்டானாவைச் சுற்றினால் டயர் கதறும் என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன்.

பூஜ்யத்தின் இரண்டரை மடங்கு

கார்த்திகையில் ஒரு நல்ல மழை. பள்ளம் அப்படியே இருந்தது, இன்னும் ஆழமாகியிருந்தது. மனைவியை மாடி ஜன்னலில் நிற்கச் சொல்லிவிட்டு வேண்டுமென்றே இடது சக்கரத்தை அதில் இறக்கினேன். வண்டியின் அடிவிளிம்பு தார் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ள, சக்கரம் கஞ்சி மாதிரியான சேற்றில் தொங்கியது. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். புதுக் கிளட்ச் வெண்ணெய் மாதிரி பிடித்தது. இடது சக்கரம் சுழன்றது. மதில் சுவரில் சேறு. வலது சக்கரம்? சம்பந்தி.

எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் கையெழுத்திலேயே அந்தப் பேப்பர் கண் முன் வந்தது: வழுக்கும் பக்கத்துக்குக் கிடைப்பதைப்போல் இரண்டரை மடங்கு. வழுக்கும் பக்கத்துக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால்? தகடு அடுக்கிய வகையாக இருந்தால் ஸ்பிரிங் அழுத்தமாவது கொஞ்சம் பிடித்திருக்கும். என்னுடையது பெருக்கத்தான் தெரிந்தது, பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. இது ஏதோ நுட்பமான ரகசியமல்ல. பாய் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துச் சொன்னது இதைத்தான். அவரை உட்கார வைத்து, அவர் சொன்னதையே அவருக்கு மறுத்து, கீழே கோடு போட்டு விடையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மேலேயே வந்த எரிச்சல் 35,000 ரூபாயைப் பற்றியதல்ல. அந்தப் பேனாவைப் பற்றியது.

அப்போதுதான் தேர் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பங்குனிப் பெருவிழாவுக்கு மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். கபாலீசுவரர் தேர் மாட வீதி மூலையில் திரும்பும் இடத்தில் நின்று பார்ப்பேன். அவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டியரிங் இல்லை. சக்கரத்தின் பக்கத்திலேயே குனிந்து ஓடிவரும் ஆட்கள், தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைக் கொடுப்பார்கள். அது தடைபட, மறுபக்கம் உருண்டு வந்து, தேர் முனகிக்கொண்டே திரும்பும். டிராக்டரில் இடது, வலது பிரேக்குகள் தனித்தனியாக இருப்பதும் இதற்குத்தான். இப்போது வரும் கார்களில் சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் கம்ப்யூட்டர் பிடிப்பதும் இதே கட்டைதான்.

என் எஸ்டீமில் கம்ப்யூட்டரும் இல்லை, தனி பிரேக்கும் இல்லை. ஹாண்ட் பிரேக் பின்சக்கரத்துக்கு. இருப்பது ஒரே கால் பிரேக், நான்கையும் சேர்த்துப் பிடிப்பது. பழைய டிஃபரன்ஷியலில் அதை மிதித்துப் பயனில்லை. பிரேக் இரண்டு பக்கமும் சமம், விசையும் சமம், நிகர லாபம் ஒன்றுமில்லை. இதில் அப்படியல்ல. சேற்றிலிருக்கும் சக்கரத்தில் பிரேக் 10 பங்கு பிடித்தால், மறுபக்கத்துக்கு 25 வரை வரும். அதில் 10ஐ அந்தப் பக்கத்துப் பிரேக்கும் கொஞ்சத்தைப் பின்சக்கரங்களும் தின்றாலும் மிச்சம் இருக்கும்.

மீண்டும் ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர். கிளட்சை முழுவதும் விட்டதும் இடது காலை எடுத்து பிரேக் மேல் வைத்தேன். வலது கால் ஆக்ஸிலரேட்டரில். இருபது வருடம் கிளட்சை மட்டுமே மிதித்துப் பழகிய காலுக்கு மெதுவாக என்றால் என்னவென்று தெரியாது. முதல் தடவை ஓங்கி மிதித்து எஞ்சின் அணைந்தது. இரண்டாம் தடவை முட்டை மேல் கால் வைப்பதுபோல் வைத்தேன். இடது சக்கரத்தின் ஓலம் தாழ்ந்தது. ஸ்டியரிங் ஒரு கணம் ஒரு பக்கம் இழுத்தது. தார்ச்சாலையில் நின்ற சக்கரம் ஒரு முனகலோடு அரை அடி உருண்டது. பிறகு இன்னும் அரை அடி. வண்டி ஏறி வெளியே வந்து நின்றபோது பிரேக் சூட்டு நாற்றம் வந்தது. கிளட்ச் நாற்றம் வரவில்லை.

மனைவி ஜன்னலிலிருந்து கைதட்டினாள். அது பாராட்டா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

தையில் எங்கள் தெருவுக்கு சிமென்ட் சாலை போட்டுவிட்டார்கள். பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. மழையில் முதல் கியரில் கிளம்பும்போது ஸ்டியரிங்கில் வரும் ஒரு சின்ன இழுப்பைத் தவிர, 35,000 ரூபாய் எங்கே இருக்கிறது என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் நல்ல பதில் இல்லை. அப்பா மட்டும் அடுத்து எதைக் கழற்றலாம் என்று வாரம் ஒரு முறை போர்டிகோவைச் சுற்றி வருகிறார்.

போன ஞாயிறு பாய் சாப்பிட வந்திருந்தார். கை கழுவிக்கொண்டே கேட்டார், “அது பிடிக்கிறதா தம்பி?”

“பிரேக்கைக் கொஞ்சம் மிதித்தால் பிடிக்கிறது பாய்.”

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார்.

“அப்படியென்றால் பிரேக் நன்றாக வேலை செய்கிறது” என்றார்.